நகரியின் விசைத்தறிகளும் அரசு விதிமுறைகளும்

சென்னையிலிருந்து திருத்தணி வழியாகத் திருப்பதி செல்லும் நெடுஞ்சாலையில் தமிழ்நாட்டு எல்லையைக் கடந்த சிறிது தொலைவில் நகரி அமைந்துள்ளது. மலைத்தொடரின் முனையில் மூக்கைப் போல நீண்டு நிற்கும் பாறை ஊருக்குக் கண்ணால் காணும் அடையாளம். ஊருக்குள் நுழைந்ததும் காதால் கேட்கும் அடையாளம் விசைத்தறிகளின் ஓசை. நகரி, ஏகாம்பரகுப்பம், சத்திரவாடா, புத்தூர், நாராயணவனம் ஆகிய ஊர்களில் தமிழ் பேசும் நெசவுக் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. வீட்டை ஒட்டிய கூடத்தில் சில தறிகள். அவற்றை ஓட்டக் குடும்பத்தினரும் கூலிக்கு வரும் ஓரிருவரும். தார் சுற்றும் வேலையில் பெண்கள். இத்தொழிலின் வழக்கமான உருவம் இதுதான். மின்சாரம் தடைபட்டால் அன்றித் தெரு அமைதி அடைவதில்லை.

இத்தகைய ஒரு தறிக்கூடத்தின் உரிமையாளர் நெசவாளராகவும், பழுது பார்ப்பவராகவும், கணக்கராகவும், விற்பனையாளராகவும் ஒருவராகவே இருக்கிறார். அரசின் விதிமுறைகள் அவரை வந்தடையும்போது அவற்றைப் படித்து நிறைவேற்றத் தனி அலுவலர் எவரும் அவரிடம் இல்லை. பெரிய ஆலை ஒன்றில் ஒரு படிவத்தை நிரப்புவது எழுத்தர் ஒருவரின் அரைமணி நேரப் பணி. சிறு கூடத்திலோ அதே படிவத்துக்காகத் தறி நிற்கிறது. சிறுதொழில்கள் மீதான விதிமுறைச் சுமை என்று பேசப்படுவதன் அடிப்படை இந்த வேறுபாட்டில் அடங்கியுள்ளது. படிவம் எல்லோருக்கும் ஒன்றே. அதன் எடை ஆளுக்கு ஆள் மாறுகிறது.

ஆயினும் விதிமுறைகளைக் குறைத்துவிட்டால் சுமை தீர்ந்துவிடும் என்று கொள்வது சரியன்று. விசைத்தறித் தொழிலின் எழுபது ஆண்டுக்கு மேற்பட்ட வரலாற்றை நோக்கினால், சில விதிகள் எண்ணக் கூடாதவற்றை எண்ணியதால் தொல்லையாயின என்பதும், கட்டாயம் தேவையான வேறு சில விதிகள் தனியொருவரால் தாங்க முடியாத அளவுக்குப் பெரியவையாக இருந்ததால் பயனற்றுப் போயின என்பதும் தெரியவரும். இவ்விரண்டும் நகரியில் ஒருங்கே காணப்படுகின்றன.

அனுமதிச் சீட்டு பெற்ற தறியும் பெறாத தறியும்

இரண்டாம் உலகப் போரின்போது ஏற்பட்ட துணிப் பற்றாக்குறையின் தொடர்ச்சியாக 1948-ஆம் ஆண்டில் பருத்தித் துணிக் கட்டுப்பாட்டு ஆணை பிறப்பிக்கப்பட்டது. மின்விசையால் இயங்கும் தறி ஒன்றை வாங்கவோ நிறுவவோ வேண்டுமானால் மும்பையில் தலைமையிடம் கொண்ட ஜவுளி ஆணையரின் அனுமதி தேவை என்று அது விதித்தது. பழைய சென்னை மாநிலத்தின் சிற்றூரில் இருக்கும் நெசவாளர் தம் வீட்டுக் கூடத்தில் ஒரு தறியை நிறுத்துவதற்கு நாட்டின் மறுகோடியிலிருந்து அனுமதி பெற வேண்டியதாயிற்று.

இவ்விதிக்குக் காரணம் இல்லாமல் இல்லை. கைத்தறியைக் காப்பாற்ற வேண்டும் என்பது அன்றைய அரசின் உறுதியான கொள்கை. கைத்தறிகளைப் படிப்படியாக விசைத்தறிகளாக மாற்றலாம் என்று 1954-இல் கனுங்கோ குழு பரிந்துரைத்தது. இருபது ஆண்டுகளுக்குப் பின் 1974-இல் சிவராமன் குழு அதற்கு மாறான நிலையை எடுத்தது. ஒரு விசைத்தறி ஏறத்தாழ ஆறு கைத்தறிகளின் வேலையைப் பறிக்கிறது என்பது அக்குழுவின் மதிப்பீடு. கைத்தறி நெசவாளரின் பிழைப்பை எண்ணிப் பார்ப்பவர் எவரும் இதை எளிதில் ஒதுக்கிவிட இயலாது.

ஆனால் நடைமுறையில் நிகழ்ந்தது வேறு. மின்சாரம் சிற்றூர்களுக்கு வந்ததும் கைத்தறி நெய்துவந்த குடும்பங்களே விசைத்தறிக்கு மாறத் தொடங்கின. ஆலைகள் கழித்துவிட்ட பழைய தறிகள் மலிவாகக் கிடைத்தன. அனுமதி கிடைப்பது அரிதாக இருந்ததால் அனுமதியின்றித் தறிகள் பெருகின. அரசு அவ்வப்போது அவற்றை முறைப்படுத்தி ஏற்றுக்கொண்டது. மீண்டும் புதிய தறிகள் அனுமதியின்றி வந்தன. தடுக்க முடியாத ஒன்றைத் தடை செய்யும் விதி, தொழிலை நிறுத்துவதில்லை. தொழில் செய்பவரை மறைவில் வாழச் செய்கிறது. சீட்டு இல்லாத தறிக்கு வங்கிக் கடன் கிடைக்காது. முறையான நூல் ஒதுக்கீடு கிடைக்காது. எந்த அலுவலர் வந்தாலும் அஞ்ச வேண்டும்.

1985-ஆம் ஆண்டு ஜூன் மாத ஜவுளிக் கொள்கை விசைத்தறிகளைப் பதிவு செய்வதைக் கட்டாயமாக்கியது. அதே ஆண்டில் இயற்றப்பட்ட கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் 22 வகைத் துணிகளைக் கைத்தறிக்கு மட்டுமே உரியவையாக ஒதுக்கியது. அச்சட்டத்தை எதிர்த்த வழக்குகளால் அது நெடுநாள் செயற்படாமல் இருந்து, 1993 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்று தீர்ப்பளித்த பின்னரே முழு வடிவில் நடைமுறைக்கு வந்தது. பிற்காலத்தில் ஒதுக்கப்பட்ட வகைகள் 11 ஆகக் குறைக்கப்பட்டன. இதனிடையே 1992-ஆம் ஆண்டின் ஜவுளி வளர்ச்சி மற்றும் ஒழுங்குமுறை ஆணை, முன் அனுமதி என்னும் முறையையே கைவிட்டது. தறியை நிறுவுவதற்கு முன் கேட்க வேண்டிய அனுமதி, நிறுவிய பின் தெரிவிக்கும் தகவலாக மாறியது. ஒழுங்குமுறைச் சீர்திருத்தம் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அரிது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நெசவாளரை அலைக்கழித்த ஒரு சீட்டு, நாட்டுக்கு எந்த இழப்பும் இல்லாமல் மறைந்தது.

எண்ணிக்கை என்னும் எல்லைக்கோடு

அனுமதிச் சீட்டைவிட ஆழமான வடுவை ஏற்படுத்தியது வரி விதிப்பு முறையாகும். விசைத்தறித் துணிக்கு எத்தனை மீட்டர் நெய்யப்பட்டது என்று கணக்கிட்டு உற்பத்தி வரி வசூலிப்பது சிறு கூடங்களில் இயலாத செயல். எனவே தறி ஒன்றுக்கு இவ்வளவு என்று தொகுத்து வரி விதிக்கும் முறை கொண்டுவரப்பட்டது. ஒரு சில தறிகள் மட்டுமே உள்ள கூடங்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. தறிகளின் எண்ணிக்கை கூடக் கூட, தறி ஒன்றுக்கான வரி விகிதமும் கூடியது. சிறியவரைக் காக்கும் நல்ல நோக்கத்துடன் செய்யப்பட்ட ஏற்பாடுதான் இது.

இதன் விளைவு எல்லா விசைத்தறி ஊர்களிலும் ஒன்றுபோல் இருந்தது. எடுத்துக்காட்டாக, பன்னிரண்டு தறிகள் உள்ள ஒரு குடும்பத்தைக் கொள்வோம். தறிகள் அனைத்தும் ஒரே கூரையின் கீழ், ஒரே மின் இணைப்பில் இருந்தால் வரி கூடுதல். நடுவில் ஒரு சுவர் எழுப்பி, நான்கு தறிகள் தந்தை பெயரிலும், நான்கு தாய் பெயரிலும், நான்கு மகன் பெயரிலும் பிரிக்கப்பட்டால் வரி இல்லை. சுவர் எழுப்பும் செலவு ஒருமுறை. வரிச் சேமிப்பு ஆண்டுதோறும். ஆகவே சுவர் எழும்பியது. நெசவுக்கு அச்சுவரால் ஒரு பயனும் இல்லை. காற்றும் வெளிச்சமும் குறைந்ததே கண்ட பலன்.

தொழிலாளர் சட்டங்களும் இதே வகையில் எண்ணிக்கையை அடிப்படையாகக் கொண்டவை. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், மின்விசையைப் பயன்படுத்தும் இடத்தில் 10 பேர் வேலை செய்தால் அதைத் தொழிற்சாலை எனக் கருதியது. தொழிலாளர் வைப்பு நிதிச் சட்டத்துக்கு எல்லை 20 பேர். பத்தாவது ஆளைச் சேர்க்கும் நாளில் பதிவேடுகள், ஆய்வுகள், கட்டணங்கள் ஆகிய அனைத்தும் ஒன்றாக வந்து சேர்கின்றன. ஒன்பது பேரோடு நிறுத்திக்கொள்பவரை எதுவும் தொடுவதில்லை. இந்நிலையில் வளர்ச்சியை விரும்பாத தொழிலதிபர் என்று சிறு உரிமையாளரைக் குறை கூறுவதில் பொருள் இல்லை. அவர் கணக்கு அறிந்தவர், அவ்வளவே.

இதில் இழப்பு உரிமையாளருக்கு மட்டுமன்று. சுவரால் பிரிக்கப்பட்ட கூடத்தில் வேலை செய்யும் தொழிலாளி, பன்னிரண்டு மணி நேரம் தறியின் முன் நின்று மீட்டர் கணக்கில் கூலி பெறுபவர், சட்டத்தின் பார்வையில் எந்தத் தொழிற்சாலையிலும் வேலை செய்யாதவர் ஆகிவிடுகிறார். வைப்பு நிதியும், ஈட்டுறுதி மருத்துவமும் அவரை அடைவதில்லை. பருத்தித் தூசியும் இரைச்சலும் மட்டும் அவரை அடைகின்றன. சிறுதொழிலுக்கு அளிக்கும் விலக்கு ஒவ்வொன்றும் யாரோ ஒருவரின் பாதுகாப்பைக் குறைத்தே அளிக்கப்படுகிறது என்பதை, சலுகை கோருவோரும் சலுகை வழங்குவோரும் பெரும்பாலும் வெளிப்படையாகக் கூறுவதில்லை.

இத்துறையில் செய்யப்பட்ட சீர்திருத்தங்கள் பல. சிறு நிறுவனங்கள் தனித்தனிப் பதிவேடுகளுக்கு மாற்றாகச் சுருக்கமான பதிவேடுகளை வைத்துக்கொள்ள 1988-ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது. அவ்வசதி 2014-இல் 40 பேர் வரை உள்ள நிறுவனங்களுக்கு விரிவுபடுத்தப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில், மத்திய அரசின் தொழிலாளர் துறையில் எந்த ஆய்வாளர் எந்த நிறுவனத்துக்குச் செல்வது என்பதைக் கணினியே முடிவு செய்யும் முறை தொடங்கப்பட்டது. 2020-இல் இயற்றப்பட்டு 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள், மின்விசை பயன்படுத்தும் தொழிற்சாலைக்கான எல்லையை 10-லிருந்து 20 பேராக உயர்த்தியுள்ளன. சிறு குற்றங்களுக்கான சிறைத் தண்டனையை நீக்கும் நோக்குடன் 2023-இல் கொண்டுவரப்பட்ட ஜன் விஸ்வாஸ் சட்டம், 42 சட்டங்களில் 183 பிரிவுகளைத் திருத்தியது. எல்லைக்கோடு இடம் மாறியுள்ளது என்பது உண்மை. ஆனால் எல்லைக்கோடு எங்கே இருந்தாலும் அதற்கு ஒரு ஆள் குறைவாக நின்றுகொள்ளும் கூடம் ஒன்று இருக்கவே செய்யும்.

உற்பத்தி வரியின் கதை 2003-இல் ஒரு திருப்பத்தை அடைந்தது. நூல் முதல் ஆடை வரை வரிச் சங்கிலி அறுபடாமல் இருக்க வேண்டும் என்று கருதி, அவ்வாண்டு நிதிநிலை அறிக்கை விசைத்தறிக் கூடங்களையும் வரி வலைக்குள் கொண்டுவந்தது. பொருளாதாரக் கோட்பாட்டின்படி அது பிழையன்று. ஆனால் கணக்குப் புத்தகமே வைத்திராதவரிடம் கணக்கு கேட்கப்பட்டபோது நாட்டின் பல பகுதிகளில் தறிகள் நிறுத்தப்பட்டன. 2004 ஜூலை நிதிநிலை அறிக்கை அவ்வரியை விருப்பத்துக்கு உட்பட்டதாக மாற்றியது. தயாராக இல்லாத ஒரு தொழிலின் மீது சரியான விதியை ஒரே நாளில் ஏற்றினாலும் அது நிற்காது என்பதை அந்த ஓராண்டு காட்டிற்று.

எல்லையோர ஊரின் தனித் தொல்லை

நகரிக்கு மற்ற விசைத்தறி ஊர்களுக்கு இல்லாத ஒரு சிக்கல் உண்டு. 1953 வரை இப்பகுதி முழுவதும் சென்னை மாநிலத்தில் இருந்தது. ஆந்திர மாநிலம் அமைந்த பின்னர் எழுந்த எல்லைப் பிரச்சினை படாஸ்கர் பரிந்துரையின் பேரில் தீர்க்கப்பட்டு, 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. நகரி ஆந்திரப் பிரதேசத்தில் நின்றது. இரண்டு ஊர்களுக்கும் இடையே உள்ள தொலைவு ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். உறவும் மொழியும் வாணிபமும் எல்லைக்கு இருபுறமும் தொடர்ந்தன. 2022-இல் சித்தூர் மாவட்டத்திலிருந்து திருப்பதி மாவட்டம் பிரிக்கப்பட்டபோது, நகரியின் அண்டை ஊர்களான புத்தூரும் நாராயணவனமும் புதிய மாவட்டத்துக்குச் சென்றன. ஒரே நெசவுப் பகுதியின் நடுவே மாவட்டக் கோடும் விழுந்தது.

விற்பனை வரிக் காலத்தில் நூல் எல்லையைக் கடக்கும்போது மத்திய விற்பனை வரிச் சட்டத்தின்கீழ் படிவங்களும், சாலையில் சோதனைச் சாவடியும் காத்திருந்தன. 2017 ஜூலை 1-இல் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது சாவடிகள் அகன்றன. ஒரு நாடு, ஒரு வரி என்ற முழக்கம் எல்லையோர ஊர்களுக்குத்தான் மிகுந்த நம்பிக்கை அளித்திருக்க வேண்டும். சட்டத்தின் வாசகம் அந்த நம்பிக்கையை முழுமையாக நிறைவேற்றவில்லை.

2019 ஏப்ரல் முதல் ஆந்திரப் பிரதேசம் உட்படப் பெரும்பாலான மாநிலங்களில், பொருள்களை மட்டுமே விற்பவர் ஆண்டு விற்பனை ரூ. 40 லட்சத்தைத் தாண்டாதவரை வரிப் பதிவு பெற வேண்டியதில்லை. இது சிறு தறிக்கூடங்களுக்குப் பெரும் விடுதலை. ஆனால் அதே சட்டத்தின் 24-ஆம் பிரிவு, வரிக்குரிய பொருளை வேறு மாநிலத்துக்கு விற்பவர் எவராயினும், தொகை எவ்வளவு சிறியதாயினும், பதிவு பெற்றாக வேண்டும் என்கிறது. எளிய முறையில் வரி செலுத்தும் இணக்க வரித் திட்டத்தில் சேர்ந்தவரும் வேறு மாநிலத்துக்குப் பொருள் விற்க இயலாது. இதன் பொருள் என்ன? நகரியில் நெய்த கோராத் துணியை எழுநூறு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள விசாகப்பட்டினத்துக்கு விற்கும் சிறு நெசவாளருக்குப் பதிவு வேண்டாம். இருபது கிலோமீட்டரில் உள்ள திருத்தணிக் கடைக்கு ஒரே ஒரு கட்டுத் துணியை விற்றால் பதிவு வேண்டும். அதன் பின் விற்பனை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கணக்கு விவரம் தாக்கல் செய்துகொண்டே இருக்க வேண்டும். 2023 அக்டோபர் முதல் பதிவு பெறாத சிறு விற்பனையாளர் மின்வணிகத் தளங்கள் வழியாக விற்கலாம் என்று அளிக்கப்பட்ட சலுகையும் மாநிலத்துக்குள் விற்பதற்கு மட்டுமே உரியது.

கூலிக்கு நெய்து கொடுப்பவரின் நிலை இதிலிருந்து சற்று மாறுபட்டது. விசைத்தறி ஊர்களில் பெருவழக்கான முறை இது: வணிகர் பாவையும் ஊடை நூலையும் தருவார், தறி உரிமையாளர் நெய்து மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி பெறுவார். சட்டம் இதைச் சேவையாகக் கருதுகிறது. சேவைக்கான விலக்கு எல்லை ரூ. 20 லட்சம். வேறு மாநில வணிகருக்குக் கூலிக்கு நெய்பவரும் இந்த எல்லைக்குள் இருந்தால் பதிவு பெற வேண்டாம் என்று 2017 செப்டம்பரிலேயே தெளிவுபடுத்தப்பட்டது. எல்லையோர நெசவாளரைக் கருத்திற்கொண்டு செய்யப்பட்டதுபோலவே அமைந்த நல்ல திருத்தம் அது. ஆயினும் நூல் எல்லையைக் கடக்கும்போது ஒரு சிக்கல் எஞ்சுகிறது. சரக்குப் போக்குவரத்துச் சீட்டு, அதாவது இ-வே பில், பொதுவாக ரூ. 50,000-க்கு மேற்பட்ட சரக்குக்கே தேவை. வேறு மாநிலத்தில் கூலி வேலைக்கு அனுப்பும் பொருளுக்கு மட்டும் மதிப்பு எதுவாயினும் அது கட்டாயம். திருத்தணி வணிகர் ஒரு பாவு உருளையைச் சிறு வண்டியில் நகரிக்கு அனுப்பினாலும் சீட்டு வேண்டும்.

பதிவு பெறாமல் இருப்பதும் இலவசம் அன்று. நூலுக்குச் செலுத்திய வரியைப் பதிவு பெற்றவர் தம் வரியில் கழித்துக்கொள்ளலாம். பதிவில்லாதவருக்கு அது வெறும் செலவு. துணி வாங்கும் பெருவணிகரும் வரி வரவு தரக்கூடிய பதிவு பெற்றவரையே நாடுகிறார். எனவே விலக்கு என்பது சில வேளைகளில் சந்தையிலிருந்து விலக்கப்படுவதாகவும் ஆகிவிடுகிறது. செயற்கை இழை நூலுக்கு 12 விழுக்காடும் துணிக்கு 5 விழுக்காடும் இருந்த தலைகீழ் வரி அமைப்பு, 2025 செப்டம்பர் 22 முதல் நூலுக்கும் 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டதால் சீராயிற்று. ரூ. 5 கோடி வரை விற்பனை உள்ளவர்கள் மாதத்துக்குப் பதிலாகக் காலாண்டுக்கு ஒருமுறை கணக்கு விவரம் அளிக்க 2021 ஜனவரி முதல் வாய்ப்பு உள்ளது. இவையெல்லாம் சுமையை மெய்யாகவே குறைத்த நடவடிக்கைகள். எஞ்சியிருப்பது 24-ஆம் பிரிவு. மாநிலத்துக்குள் நடக்கும் விற்பனைக்கு உள்ள ரூ. 40 லட்சம் எல்லையை வெளிமாநில விற்பனைக்கும் விரிவுபடுத்தினால் அரசுக்குப் பெருத்த வருவாய் இழப்பு ஏற்படும் என்று தோன்றவில்லை. அந்த அளவுக்கு உட்பட்டவர்கள் மாநிலத்துக்குள் விற்றாலும் வரி செலுத்தாதவர்களே.

பதிவும் அதன் பயனும்

விதி என்றாலே சுமை என்பது பொதுவான எண்ணம். ஆனால் சிறு உரிமையாளருக்குப் பயன் தரும் விதிகளும் உண்டு. அவற்றுள் தலையாயது கொள்முதல் பணம் பற்றியது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் வளர்ச்சிச் சட்டப்படி, சிறு உற்பத்தியாளரிடம் பொருள் வாங்கியவர் அதிகபட்சம் 45 நாட்களுக்குள் பணம் செலுத்த வேண்டும். தவறினால் வங்கி விகிதத்தைப்போல் மும்மடங்கு கூட்டு வட்டி. துணி வாணிபத்தில் மூன்று மாதக் கடன் என்பது பழகிப்போன வழக்கம் என்பதால் இச்சட்டம் நீண்ட காலம் ஏட்டளவில் இருந்தது. 2023-ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் வருமான வரியோடு இதை இணைத்தது. குறித்த நாளில் செலுத்தாத தொகையை, உண்மையில் செலுத்தும் ஆண்டு வரை, வணிகர் தம் செலவாகக் காட்ட முடியாது. துணி வணிகரிடையே உடனே சலசலப்பு எழுந்தது. பதிவு பெற்ற சிறு கூடங்களைத் தவிர்த்துப் பதிவில்லாதவரிடம் வாங்குவது எளிது என்று சிலர் எண்ணத் தொடங்கியதும் அதன் விளைவே. பாதுகாப்பு தரும் விதி ஒன்று, பாதுகாக்கப்பட வேண்டியவரின் வாணிபத்தையே குறைத்துவிடக்கூடும் என்பதை அலுவலர்கள் கவனத்தில் கொள்ள வேண்டியுள்ளது.

பதிவு முறை மட்டும் பெரிதும் எளிதாகியுள்ளது. மாவட்டத் தொழில் மையத்துக்குத் திட்ட அறிக்கையுடனும் வரைபடத்துடனும் சென்று தற்காலிகப் பதிவு, பின் நிரந்தரப் பதிவு என்று அலைந்த முறை 2015-இல் மாறியது. 2020 ஜூலை 1 முதல் உத்யம் பதிவு, ஆதார் எண்ணையும் உரிமையாளரின் உறுதிமொழியையும் கொண்டு கட்டணமின்றி அளிக்கப்படுகிறது. இங்கே குறிப்பிடத்தக்க ஒரு நுணுக்கம் உண்டு. இப்பதிவில் நிறுவனத்தின் அளவு தறிகளின் எண்ணிக்கையாலோ ஆட்களின் எண்ணிக்கையாலோ அளக்கப்படுவதில்லை. முதலீடும் விற்பனையும் பார்க்கப்படுகின்றன. 2025 ஏப்ரல் முதல் ரூ. 2.5 கோடி முதலீடும் ரூ. 10 கோடி விற்பனையும் வரை குறு நிறுவனம். பன்னிரண்டாவது தறியை வாங்குவதற்காக யாரும் சுவர் எழுப்பத் தேவையில்லாத அளவுக்கு அந்த எல்லை தொலைவில் உள்ளது.

சாய நீரும் ஆறும்

நெசவோடு பிறந்த மற்றொரு தொழில் சாயமிடுதல். தறிக்கூடம் அளவாகவே நீரைப் பயன்படுத்துகிறது. சாயப்பட்டறையோ பெருமளவு நீரை வாங்கி, உப்பும் காரமும் நிறமும் கலந்த கழிவாக வெளியிடுகிறது. நகரி, புத்தூர் பகுதிச் சாயப்பட்டறைகளின் கழிவு நீர்நிலைகளில் கலப்பது பற்றி நீண்ட நாட்களாகவே முறையீடுகள் உள்ளன. நகரியாறு கொசஸ்தலையாற்றின் கிளை. அந்த ஆற்றின் குறுக்கே 1944-இல் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கம் சென்னை மாநகரின் குடிநீருக்கு ஆதாரங்களுள் ஒன்று. கூலிக்கு நெய்ய வரும் ஒரு பாவு உருளை மாநில எல்லையைக் கடக்கச் சீட்டு வேண்டியுள்ளது. சாய நீர் அதே எல்லையைச் சீட்டின்றிக் கடக்கிறது.

ஆகவே சிறுதொழிலின் மீதுள்ள எல்லா விதிகளையும் ஒரே தராசில் நிறுத்துவது பொருந்தாது. 1974-ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டப்படி, கழிவு நீர் வெளியேற்றும் தொழிலைத் தொடங்கவும் நடத்தவும் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு தேவை. மாசு இல்லாத தொழில்களை வெள்ளை வகை என்று பிரித்து அவற்றுக்கு இசைவே தேவையில்லை என்று 2016-இல் மத்திய வாரியம் அறிவித்தது நல்ல தளர்வு. அதே பட்டியலில் சாயமிடுதலும் வெளுத்தலும் சிவப்பு வகையில் உள்ளன. அங்கே தளர்வுக்கு இடம் இல்லை. மாசுபடுத்தியவரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்று 1996-இல் வேலூர் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது சிறு நிறுவனங்களுக்கும் பொருந்தும். நீரைக் குடிப்பவருக்கு அது சிறு பட்டறையிலிருந்து வந்ததா பெரிய ஆலையிலிருந்து வந்ததா என்பதில் வேறுபாடு இல்லை.

ஆனால் ஒரு சிறு சாயப்பட்டறை தனக்கென்று ஒரு சுத்திகரிப்பு நிலையத்தைக் கட்டினால், அது பட்டறையைவிட விலை உயர்ந்ததாக இருக்கும். கட்டினாலும் அதை நாள்தோறும் இயக்கும் மின்செலவும் வேதிப்பொருள் செலவும் சாயக் கூலியை விழுங்கிவிடும். விளைவாக, ஆய்வு நாளில் மட்டும் இயங்கும் நிலையங்களும், இரவில் திறக்கப்படும் வடிகால்களும் பல தொழில் நகரங்களில் காணப்பட்டன. விதி கடுமையானது, அதை நிறைவேற்றும் ஆற்றல் ஒருவரிடமும் இல்லை. இவ்விரண்டும் சேர்ந்தால் ஆறு அழிகிறது, பட்டறையும் பிழைப்பதில்லை.

திருப்பூரின் பட்டறிவு இதற்குச் சான்று. நொய்யலாறும் ஒரத்துப்பாளையம் அணையும் சாய நீரால் கெட்டு, அணைக்குக் கீழே விவசாயம் பாழானது. நீதிமன்ற ஆணைகள் பல பிறந்தும் நிலைமை மாறவில்லை. இறுதியில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அங்குள்ள எழுநூறுக்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூட ஆணையிட்டது. பின்னலாடை நகரம் முழுவதும் அதிர்ந்தது; வெளியூர்களிலிருந்து வந்த தொழிலாளர் பலர் ஊர் திரும்பினர். அதன் பின்னரே, பட்டறைகள் கூட்டாக நடத்தும் 18 பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள், ஒரு சொட்டுக் கழிவும் வெளியேற்றாத முறைக்கு மாற்றப்பட்டன. தமிழ்நாடு அரசு வட்டியில்லாக் கடன் வழங்கியது. கழிவு நீர் சவ்வுகள் வழியாகச் செலுத்தப்பட்டு, நன்னீர் பட்டறைக்கே திரும்புகிறது. மீதமுள்ள உவர்நீரிலிருந்து உப்பும் மீட்கப்பட்டு மீண்டும் சாயமிடப் பயன்படுகிறது. விதியில் ஒரு சொல்லும் தளர்த்தப்படவில்லை. சுமக்கும் தோள்களின் எண்ணிக்கை மட்டும் கூட்டப்பட்டது. மூடப்படுவதற்கு முன்பே இதைச் செய்திருந்தால் எத்தனை குடும்பங்கள் வேலையிழப்பிலிருந்து தப்பியிருக்கும் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு மத்திய அரசு 1991 முதலே உதவித் திட்டம் வகுத்துள்ளது. எனினும் திருப்பூரில் இயன்றது எல்லா ஊரிலும் அப்படியே இயலும் என்று கொள்ள முடியாது. ஏற்றுமதிப் பின்னலாடைக்குச் சாயமிடும் பட்டறை தாங்கும் செலவை, உள்ளூர்ச் சந்தைக்கான மலிவுத் துணிக்குச் சாயமிடும் பட்டறை தாங்குவது கடினம். எனவே அரசின் பங்கு சிறிய ஊர்களில் கூடுதலாக இருந்தாக வேண்டும். பட்டறைகள் பல தெருக்களில் சிதறிக் கிடப்பதால் அவற்றை ஓரிடத்தில் சேர்க்க நிலமும் தேவை. நகரிப் பகுதி இரண்டு மாவட்டங்களில் பரந்திருப்பதாலும், ஆற்றின் கீழ்ப்பகுதி வேறு மாநிலத்தில் இருப்பதாலும், இரு மாவட்ட நிர்வாகங்களும் இரு மாநில வாரியங்களும் ஒரே திட்டத்தில் கையொப்பமிட வேண்டியிருக்கும்.

அவ்வாறு ஒரு நிலையம் அமைந்தால் ஆய்வு முறையே மாறிவிடும். இப்போது ஒவ்வொரு பட்டறைக்கும் தனித்தனியாகச் சென்று நீர் மாதிரி எடுக்க வேண்டிய அலுவலர், நிலையத்தின் ஒரே வாயிலில் அதைச் செய்யலாம். பட்டறை உரிமையாளர் தனித்தனியே செய்ய வேண்டிய சோதனைகளையும் அறிக்கைகளையும் நிலையமே பொறுப்பேற்றுச் செய்யும். ஒவ்வொரு பட்டறையிலிருந்து வரும் குழாயிலும் நீர்மானி ஒன்றைப் பொருத்தி, அனுப்பிய கழிவின் அளவுக்கு ஏற்பக் கட்டணம் வசூலிக்கலாம். தறிகளை எண்ணியும் ஆட்களை எண்ணியும் வந்த அரசு, இங்கே முதன்முறையாக எண்ண வேண்டியது லிட்டர்களை.